"அது பாரதத்தில் இல்லை" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்யாறு பகுதியில் நீண்ட காலம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிகளில் மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் இதிகாசக் கதை சொல்லும் செயல்திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். திட்டம் நல்ல திட்டம். ஒரு பிள்ளை வகுப்பின் முன்னால் நின்று, பத்து நிமிடம் வாய்விட்டு ஒரு கதையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு பள்ளி நினைப்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் அதற்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கும் விதம் சரியாக இல்லை. அதனால் கதை சொல்ல வேண்டிய பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் அவுட் எடுத்துச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் வகுப்பில் கொடுத்த தலைப்புகளைக் கொண்டு வந்து காட்டினாள். ‘இராமாயணம் உணர்த்தும் அறம்’, ‘மகாபாரதத்தின் சிறப்புகள்’, ‘இதிகாசங்களில் குடும்ப உறவுகள்’. வான்மீகி 24,000 சுலோகங்களில் சொன்னதை, கம்பர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பாடியதை, பதினெட்டுப் பருவமாக விரிந்து கிடக்கும் பாரதத்தை, பதிமூன்று வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் என்ன செய்யும்? பட்டியல்தான் போடும். தசரதனுக்கு மனைவியர் மூவர், பிள்ளைகள் நால்வர், வனவாசம் பதினான்கு ஆண்டு, நன்மை வென்றது. கேட்கிற பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. அந்தத் தலைப்புக்குள் கதையே இல்லை.

அந்தப் பெண்ணுக்கும் அந்தத் தலைப்புகள் பிடிக்கவில்லை. வேறு தலைப்பும் எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொன்னதால் அவள் அரவானை எடுத்தாள். அவளுடைய ஆயா ஊரில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே அக்னி வசந்த விழாவில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். ஆயா சிறு வயதிலிருந்து பார்த்த கூத்து. அதைக் கேட்டுக் கேட்டு இவளுக்குக் கதை மனப்பாடம்.

போர் தொடங்கும் முன் களப்பலி கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்கள் பாண்டவர் பக்கத்தில் மூன்றே பேர்: கண்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனனுடைய மகன் அரவான். முதல் இருவரை இழந்தால் போரே இல்லை. அரவான் நான் வருகிறேன் என்கிறான். சாகும் முன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், செத்த பிறகும் போரைக் கடைசி வரை பார்க்க வேண்டும் என்று கேட்கிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து தாலி கட்டிக்கொள்கிறான். விடிந்ததும் அரவான் பலியாகிறான், மோகினி தாலி அறுக்கிறாள். வெட்டுப்பட்ட தலை பதினெட்டு நாள் சண்டையையும் கண் மூடாமல் பார்க்கிறது.

இதை அவள் என் வீட்டுத் திண்ணையில் சொல்லிப் பார்த்தாள். "எங்க அப்பாவுக்கு எத்தனையோ பிள்ளைங்க இருக்காங்க, என் பேரை மட்டும் ஏன் கண்ணனுக்கு ஞாபகம் வந்துச்சு?" என்று அரவான் கேட்பதாக அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. வகுப்பறையில் எத்தனையோ முறை பாரதம் நடத்தியிருக்கிறேன், அந்தக் கேள்வியை எந்தப் புத்தகமும் எனக்குக் கொடுக்கவில்லை.

பள்ளியில் சொன்னபோது நடுவராக இருந்தவர், "இதெல்லாம் மகாபாரதத்தில் இல்லவே இல்லை. ஒரிஜினலில் அரவான் போரில்தான் சாகிறான். இது கிராமத்துக் கட்டுக்கதை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார். மதிப்பெண் போனது பெரிய விஷயமில்லை. பெண் வீட்டுக்கு வந்து, "ஆயா, நீ பொய்க் கதையா சொன்ன?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மூதாட்டி பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

நடுவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வடமொழிப் பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்த இராவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனோடு சண்டையிட்டு மடிகிறான். களப்பலி அங்கே இல்லை. ஆனால் தமிழில் 9-ஆம் நூற்றாண்டிலேயே பெருந்தேவனார் பாரத வெண்பாவில் அரவான் களப்பலி வந்துவிடுகிறது. பிறகு வில்லிபுத்தூராரும் அதைப் பாடுகிறார். வில்லிபுத்தூரார் யாரோ தூரத்து ஆள் இல்லை. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர், நம் வட தமிழகத்து மண்ணைச் சேர்ந்தவர். ஊர்தோறும் திரௌபதி அம்மன் கோயிலில் பிரசங்கியார் வாசித்து விரித்துச் சொல்வது அவர் பாடிய பாரதத்தைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தமிழில் இருக்கும் ஒரு கதையை எட்டாம் வகுப்புப் பெண் சொன்னால், அதைக் கட்டுக்கதை என்று எப்படித் தள்ளுவது? கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர், கூத்தாண்டவர் என்று கும்பிடப்படும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுவதை ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அது எந்தக் கதை என்று அவர்களுக்குப் பள்ளியில் யாராவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. லட்சுமணன் கோடு கிழித்தான், சீதை அதைத் தாண்டினாள் என்று எத்தனை பிள்ளைகள் மேடையில் சொல்கிறார்கள்! எல்லோரும் கை தட்டுகிறோம். அந்தக் கோடு வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. அதற்கு யாரும் மதிப்பெண் குறைத்ததை நான் பார்த்ததில்லை. பாலம் கட்டிய அணிலும் வான்மீகியில் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் அந்த அணில் தண்ணீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடி ஓடிக் கடலைத் தூர்க்கிறது. முதுகில் மூன்று கோடு விழுந்த கதை அந்தப் பாட்டில் கிடையாது. அதை நம் பாட்டிமார்தான் சேர்த்தார்கள். தொலைக்காட்சித் தொடரில் வந்தால் ஒரிஜினல், ஆயா சொன்னால் பொய் என்று ஆகிவிடக் கூடாது.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். கதை சொல்லத் தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும். ஓர் இரவு, ஓர் இடம், ஒரு ஆள் போதும். ‘கர்ணனின் வாழ்க்கை’ வேண்டாம், குந்தி கர்ணனைத் தேடி வந்த அந்த ஒரு சந்திப்பு போதும். ‘வாலி வதம்’ கூடப் பெரியதுதான், அம்பு பட்டு விழுந்த வாலி இராமனைக் கேட்கும் கேள்விகள் மட்டும் போதும். பிள்ளையை உட்கார வைத்து, "இந்தக் கதையில் உனக்கு எங்கே கோபம் வந்தது? எங்கே அழுகை வந்தது? யார் பேசாமலே இருக்கிறார்கள்?" என்று கேட்டால் தலைப்பு தானாக வந்துவிடும். நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படித்தான் கேட்பேன். ஒரு பையன், "கும்பகர்ணன் தூங்கிட்டே இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பான் டீச்சர்" என்றான். அதையே தலைப்பாக்கிக்கொள் என்றேன். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, விபீஷணன் வந்து அழைத்தும் போகாமல், சாகப்போகிறோம் என்று தெரிந்தே அண்ணனுக்காகச் சண்டைக்குப் போகிற கும்பகர்ணனைக் கம்பர் எவ்வளவு பெரிய மனிதனாகப் படைத்திருக்கிறார்! வீட்டில் இரண்டு அண்ணன்களோடு வளர்ந்த அந்தப் பையனுக்கு அதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

அப்புறம், கதை பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேட்டில், முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் பாரதம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. செய்யாறுக்குப் பக்கத்தில்தான் கூத்துக்குப் பேர் போன புரிசை இருக்கிறது. பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் முகவீணைச் சத்தம் கேட்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி அந்தக் கதையே கூத்தாக நடக்கும்.

இதில் எத்தனை தலைப்பு கிடைக்கும் என்று பாருங்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான மரம் நட்டு வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே மேலே ஏறுவார். உச்சியில் போய் எலுமிச்சம்பழம், விபூதி, பூ என்று கீழே வீசுவார். பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். சிவனிடம் பாசுபத அம்பு வாங்கப் போன அர்ச்சுனனின் தவத்தையும், கீழே நிற்கும் அந்தப் பெண்ணின் தவத்தையும் சேர்த்து ஒரு பிள்ளை சொன்னால் அது எவ்வளவு நல்ல கதை!

படுகளத்தன்று ஊர்த் திடலில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் அந்த மண் உருவத்தின் தொடையில் அடிப்பார், உள்ளே வைத்திருக்கும் சிவப்புத் தண்ணீர் பீறிடும், திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு முடிந்தது என்று நாம் நினைப்போம். கூத்து அங்கே முடிவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். இவ்வளவு நாள் துரியோதனனைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களே அப்போது முந்தானையால் கண் துடைப்பார்கள். ‘பெருந்திருவாள் அழுத அழுகை’ என்று ஒரு தலைப்பை எந்தப் பள்ளியும் கொடுத்து நான் பார்த்ததில்லை. தோற்ற பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று யோசிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மண் துரியோதனனைச் செய்கிறவர்களைப் போய்ப் பார்த்து, எந்த ஏரியில் மண் எடுக்கிறீர்கள், முதலில் தலையா காலா, அடித்து உடைக்கப்போவது தெரிந்தும் மீசையை ஏன் இவ்வளவு அழகாக வைக்கிறீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டு வந்தால் அதுவும் இதிகாசச் செயல்திட்டம்தான். கூத்து வாத்தியாரிடமும் கேட்கலாம். அவர்களில் பலர் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர்கள், ஆனால் ராத்திரி முழுக்க நிற்காமல் பாரதம் சொல்வார்கள். கட்டியங்காரனைக் கவனிக்கச் சொல்லுங்கள். ராஜா வேடம் வந்து நின்றதும் நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன சங்கதி என்று அவன் கேட்பான். நமக்குத் தெரியாததை எல்லாம் நமக்காக அவன் கேட்டுவிடுவான். கூச்சப்படுகிற இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து, ஒருவரைக் கட்டியங்காரனாக்கினால் கதை தானாக நகரும்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போகாத பள்ளி எங்கள் பக்கத்தில் அநேகமாக இல்லை. அந்தப் பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை, நேரே பூனையிடம் போய்விடுவார்கள். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையும் சுற்றி எலிகளும். பாரதத்தில் உத்தியோக பருவத்தில் ஒரு பூனைக் கதை வருகிறது. கங்கைக் கரையில் சாமியார் வேடம் போட்ட பூனை, அதை நம்பித் தங்களை ஒப்படைத்த எலிகள், பூனை கொழுக்கக் கொழுக்கத் தாங்கள் குறைவதைக் கவனித்த ஓர் எலி. இந்தக் கதையை யார் யாருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள் தெரியுமா? துரியோதனன், உலூகன் என்பவனைத் தூது விட்டு, தருமருக்கு. நீதான் அந்தப் பூனை என்று தருமரைப் பார்த்துச் சொல்ல வைக்கிறான். கெட்டவன் வாயிலிருந்து வரும் நீதிக் கதை! எட்டாம் வகுப்பில் இதைப் போட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

இராமாயணத்திலும் இப்படி எடுக்கலாம். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பர் அதை மாற்றி, சீதையைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போவதாகப் பாடினார். இது எல்லாத் தமிழாசிரியர்களும் சொல்வதுதான். ஆனால் அந்தக் குடிசை என்ன ஆயிற்று என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இலங்கையில் சீதை இருந்தது லட்சுமணன் கட்டிய அதே குடிசையில்தான் என்று அனுமன் திரும்பி வந்து இராமனிடம் சொல்கிறான். மைத்துனன் கட்டிய புல் குடிசை கடல் தாண்டிப் போய் அசோகவனத்தில் நின்றிருக்கிறது. அந்தக் குடிசையே கதை சொல்வதாக வைத்துக்கொண்டால் பஞ்சவடி முதல் இலங்கை வரை அதற்கு எல்லாம் தெரியும். கம்பன் பாட்டும் ஊர் தாண்டிப் போயிருக்கிறது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து ஆடும்போது இன்றும் கம்பராமாயணப் பாடல்களைத்தான் சொல்கிறார்கள்.

இந்தியக் காப்பியம் என்றால் இரண்டே இரண்டு என்று நினைப்பதையும் விட வேண்டும். மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒருத்தி வருகிறாள். ஒரு முனிவர் வைத்திருந்த பழத்தைக் காலால் சிதைத்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பசி நோயோடு அலைகிறாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி சோற்றில் அது தீர்கிறது. கடைசியில் மணிமேகலை அந்தப் பாத்திரத்தோடு வந்து சேருவது நம் காஞ்சிக்கு, அதுவும் பஞ்ச காலத்தில். சத்துணவுக்குத் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான காப்பியக் கதை எது?

நம் வகுப்புகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதிகாசச் செயல்திட்டம் என்றதும் சில பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூத்தையும் கம்பனையும் எல்லாப் பிள்ளைகளும் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் சூர்ப்பணகையாக அவ்வளவு நன்றாக நடித்தது ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்தான். ஆனாலும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் பட்டியலில் சேர்த்தால் என்ன? தமிழில் எழுந்த காப்பியங்கள்தானே இவையும்! சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று இருக்கிறது. வேடன் வலையில் ஒரு பெண் மான் சிக்கிவிடுகிறது. குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக வேடனிடம் நிற்கிறார். மான் சொன்னபடியே திரும்பி வருகிறது, குட்டியையும் கூட்டிக்கொண்டு. இதை எந்தப் பிள்ளை சொன்னாலும் எல்லாப் பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்பார்கள்.

சிப்காட் வேலைக்காகக் குடும்பத்தோடு வந்திருக்கும் வடமாநிலத்தார் பிள்ளைகளும் இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களையும் வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். ராஜஸ்தானில் பீமனின் பேரன் பார்பரிகன் தலையைக் கொடுத்து, அந்தத் தலை உயரத்தில் இருந்து போரைப் பார்த்த கதை உண்டு. கட்டு சியாம் என்று அவனைக் கும்பிடுகிறார்கள். எங்கள் தெருப் பெண் சொன்ன அரவானுக்கு அவன் எவ்வளவு பக்கத்துச் சொந்தம்! இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இரண்டு கதையையும் சொல்லியிருந்தால், நடுவருக்கும் வேலை சுலபமாகியிருக்கும்.

ஏகலைவன் கதையை எடுத்தால் சங்கடமான கேள்வி வரும் என்று சில ஆசிரியர்கள் தவிர்ப்பதை அறிவேன். வரட்டும். துரோணர் கட்டை விரலை ஏன் கேட்டார், அவன் ஏன் கொடுத்தான், அப்புறம் அவன் வில் பிடித்தானா என்று கேட்பார்கள். மிச்ச விரல்களால் அம்பு விட்டான், முன்பு போல் வேகம் வரவில்லை என்று வடமொழி நூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒரு வரியில்தான் பிள்ளையின் கதை தொடங்க வேண்டும். குருபக்தி என்று ஒரு சொல்லில் முடித்துவைக்க நாம் அவசரப்படத் தேவையில்லை. பதில் கிடைக்காத கேள்வியோடு ஒரு பிள்ளை கதையை நிறுத்தினால், "நீதி என்ன என்று சொல்லவில்லையே" என்று மதிப்பெண் குறைக்கவும் தேவையில்லை.

நடுவர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கதையைத் தொடங்கும் முன் பிள்ளை ஒரு விஷயத்தை மட்டும் சொல்லட்டும்: "இது எங்க ஆயா சொன்னது", "இது வில்லி பாரதத்தில் தமிழய்யா காட்டியது", "இது கூத்தில் பார்த்தது", "இது டிவியில் வந்தது". அப்படிச் சொன்ன பிறகு, எந்த நூலில் இல்லை என்ற கேள்வி எழாது. இரண்டு இடத்தில் கேட்டு, இரண்டும் எங்கே வேறுபடுகிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்து வந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். சார்ட்டுக்கும் ஜிகினாவுக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது தலைப்பு யோசிக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு பாடவேளை ஒதுக்கி, வீட்டில் யாருக்கு என்ன கதை தெரியும் என்று கேட்டு வரச் சொன்னால் போதும், தலைப்புகளைப் பிள்ளைகளே கொண்டுவந்துவிடுவார்கள்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். பிள்ளை கதை கேட்டு வந்து உட்காரும்போது கைபேசியை எடுத்துக் கொடுக்காதீர்கள். அதில் ஒரு நிமிடத்தில் முழுக் கட்டுரை வந்துவிடும், எல்லோருக்கும் அதே கட்டுரை வரும். அல்லி அரசாணி கதை தெரிந்த அத்தை, பவளக்கொடி பாட்டுப் பாடும் தாத்தா என்று உங்கள் உறவில் ஒருவராவது இருப்பார். மதுரையை ஆண்ட அல்லி, அர்ச்சுனனைத் திணற அடித்த கதை வியாசரிடம் கிடையாது, அந்த அத்தையிடம்தான் கிடைக்கும்.

எங்கள் தெருப் பெண்ணிடம் பாரத வெண்பாவைப் பற்றியும் வில்லியைப் பற்றியும் எடுத்துச் சொன்னேன். அவள் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய் ஆயாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பள்ளியில் மறுபடி சொல்ல வாய்ப்புக் கிடைக்குமா என்று கேட்கிறாள். அந்தப் பள்ளி அதற்கு இடம் கொடுக்கும் என்று நம்புகிறேன்.

கடைசியாகத் தங்களிடம் ஓர் உதவி. தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கதையாவது, பிள்ளை தன் வீட்டிலோ ஊரிலோ கேட்டபடியே, ஊர்ப் பேரோடு வெளியிடுங்கள். பங்குனி பிறந்ததும், எந்தெந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் எந்தத் தேதியில் கொடியேற்றம், எந்த இரவு எந்தக் கூத்து, படுகளம் என்றைக்கு என்று ஊர் நிருபர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தகவல்களைத் திரட்டிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டம்.